வியாபாரிக்கும் வாய் உண்டா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம், "சட்டத்தைப் பத்திப் பேசுங்க, ஆனா ரொம்பச் சட்டமா இருக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். அதனால் நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மக்கள் உடல்நலத்துக்காக அரசாங்கம் ஒரு கொள்கை வகுக்கிறது, ஒரு தடை போடுகிறது. அந்தத் தடையால் அடிபடுகிற வியாபாரி அதைப் பற்றி எவ்வளவு தூரம் வாய் திறக்கலாம்? "இது தப்பு" என்று அவன் சொன்னால் அது பேச்சுரிமையா, அல்லது வியாபாரத் தந்திரமா? அரசாங்கம் அவன் வாயைக் கட்டலாமா?

இந்தக் கேள்வியைச் சிவகாசிக்காரன் கேட்காமல் வேறு யார் கேட்பது? நாம் ஒரு கையால் பட்டாசு செய்கிறோம். மறு கையால் ஊரார் பேச்சையெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறோம். 1920-களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர், நோட்டு, மருந்து டப்பா, பீடிக் கட்டு லேபிள் என்று பெருகிவிட்டது. அரசாங்கத்தின் குடும்ப நலப் பிரச்சாரம்கூடத் தீப்பெட்டி மேலே ஏறியது ஞாபகமிருக்கும்.

சரி, ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் மேஜைக்குப் போவோம். மூன்று வேலை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது குழந்தைப் பால்பவுடர் டின்னுக்கு லேபிள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் குழந்தைப் படமோ பெண்ணின் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் எடுப்பாகத் தெரிய வேண்டும். அதாவது, தன் சரக்கைவிட இன்னொன்று சிறந்தது என்று தன் டின் மேலேயே வியாபாரி அச்சடிக்க வேண்டும். இரண்டாவது பீடி லேபிள். அதில் 85 சதவீத இடம் புற்றுநோய்ப் படத்துக்கும் எச்சரிக்கைக்கும். பீடிக்காரரின் பெயரும் சின்னமும் மிச்சத்தில் அடங்க வேண்டும். மூன்றாவது ஒரு லேகியத்துக்கு நோட்டீஸ். "சர்க்கரை நோய் அடியோடு நீங்கும்" என்று மேட்டர் கொண்டுவந்திருக்கிறார்.

இந்த மூன்றாவது வேலையை எடுக்கிற அண்ணாச்சி கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். நீரிழிவு, புற்றுநோய், பார்வையின்மை எல்லாம் அதில் வரும். இவற்றைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது. விளம்பரத்தில் "பங்கெடுப்பது" என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் விளக்கத்தில் முதலிலேயே நிற்பது அச்சிடுதல்தான். "கஸ்டமர் குடுத்த மேட்டர், நான் அடிச்சேன், அவ்வளவுதான்" என்று தப்பித்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை உள்ளே வைக்க அதில் இடமிருக்கிறது.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கு வேலி போடுகிறது. என்னென்ன காரணத்துக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று அங்கே ஒரு பட்டியல். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளோடு நட்பு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். அவ்வளவுதான். தம்பிகள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். பொதுச் சுகாதாரம் என்ற சொல் அதில் இல்லை.

இது சும்மா விட்டுப்போன விஷயம் என்று தோன்றலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. 1950-இல், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே, நம் சென்னை மாகாண அரசு பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைத் தடை செய்தது. "பொதுப் பாதுகாப்பு" என்பது காரணம். ரொமேஷ் தாப்பர் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் முதல் வருஷமே படிப்பார்கள். உச்சநீதிமன்றம் தடையைத் தள்ளுபடி செய்தது. பொதுப் பாதுகாப்பு என்ற சொல் மிக அகலமானது, மக்கள் உடல்நலத்துக்கு வரும் ஆபத்தைத் தடுப்பதுகூட அதில் அடங்கிவிடும், அவ்வளவு அகலமான காரணத்துக்காகப் பேச்சைத் தடுக்க அரசியல் சட்டம் இடம் தரவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. எழுதியவர் சென்னையிலிருந்து போன நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு பதஞ்சலி வரப்போகிறார்.) அதற்கு அடுத்த வருஷமே 19(2)-ஐத் திருத்திச் சில காரணங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். அப்போதும் சுகாதாரத்தைச் சேர்க்கவில்லை.

அப்படியானால் 1954 சட்டம் எப்படி நிற்கிறது? டில்லி ஹம்தர்த் தவாகானா, அதாங்க 'ரூஹ் அஃப்ஸா' சர்பத் கம்பெனி, இதே கேள்வியைக் கேட்டுத்தான் வழக்குப் போட்டது. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. விளம்பரம் ஒரு வகைப் பேச்சுதான், ஆனால் எதற்காகப் பேசுகிறான் என்று பார்க்க வேண்டும், சரக்கை விற்கப் பேசினால் அது வியாபாரத்தின் பகுதி, கருத்தைப் பரப்பும் பேச்சு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வியாபாரம் என்று ஆகிவிட்டால் 19(6) வந்துவிடும். அங்கே "பொதுமக்கள் நலன்" என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டுப்படுத்தலாம். முன்வாசலில் அனுமதி இல்லாத சுகாதாரம் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதே தீர்ப்பில், எந்த நோயை வேண்டுமானாலும் விதி மூலம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த வரம்பில்லாத அதிகாரத்தையும், ஆவணங்களைப் பறிமுதல் செய்யும் பிரிவையும் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தப் பாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 1954 சட்டத்திலேயே 14-ஆவது பிரிவு சிலவற்றுக்கு விலக்குத் தருகிறது. நோயைப் பற்றி நேர்மையான அறிவியல் நோக்கிலோ சமூக நோக்கிலோ எழுதப்படும் நூலைச் சட்டம் தொடாது. லேகியக்காரர் "என் லேகியம் சர்க்கரையைத் தீர்க்கும்" என்று சொல்லக் கூடாது. ஆனால் "அரசாங்கத்தின் மருந்துக் கொள்கை நாட்டு வைத்தியத்தைப் புறக்கணிக்கிறது" என்று புத்தகம் போட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது. எனக்கு இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்று படுகிறது. நான் இன்று சொல்ல வந்ததும் இந்தக் கோட்டைப் பற்றித்தான்.

1995-இல் டாடா பிரஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கொஞ்சம் மாறியது. மஞ்சள் பக்கங்கள் என்று டெலிபோன் எண்களோடு விளம்பரம் போட்டு ஒரு புத்தகம் வருமே, அதை யார் அச்சடிக்கலாம் என்ற சண்டை. வியாபார விளம்பரமும் பேச்சுரிமையில் அடக்கம், வாங்குகிறவனுக்கும் தகவல் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்று தீர்ப்பு. பொய் விளம்பரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அச்சுத் தொழில் ஊருக்கு அது பெரிய தீர்ப்பு. அன்றைக்கு நம் ஊரில் எத்தனை பேர் கவனித்தோம் என்பது வேறு விஷயம்.

கம்பெனி ஒரு "குடிமகன்" இல்லை என்று 1963-இல் தீர்ப்பு இருக்கிறது. 19-ஆவது பிரிவு குடிமகனுக்குத்தான். அதனால் பெரிய கம்பெனிகள் ஒரு பங்குதாரரையும் சேர்த்துக்கொண்டு வழக்குப் போடும். நம் ஊரில் தனி முதலாளியும் கூட்டு வியாபாரமும் அதிகம் என்பதால் நமக்கு அந்தச் சிரமம் குறைவு. முதலாளியே குடிமகன்.

இப்போது பீடி லேபிளுக்கு வருவோம். 1975 சட்டத்தில் சிகரெட் பெட்டியில் ஒரு வரி எச்சரிக்கை. 2003-இல் புதிய சட்டம், விளம்பரத்துக்கே தடை. 2009 மே 31 முதல் பட எச்சரிக்கை வந்தது, பெட்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம். 2014 அக்டோபரில் இரண்டு பக்கமும் 85 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2015 ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது ஒரு வருஷம் தள்ளிப்போனது. நடுவில் நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுத்திவைக்கச் சொன்னது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வு எங்கே என்று குழுத் தலைவரே கேட்டது நாடு முழுக்கச் சர்ச்சையானது. அந்தக் குழுவில் இருந்த ஒரு எம்.பி.யே பீடித் தொழிலதிபர். 2016 ஏப்ரல் 1-இல் விதி அமலுக்கு வந்தபோது பெரிய சிகரெட் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. 2017 டிசம்பர் 15-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரி 8-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைத்தது. 85 சதவீதம் அப்படியே நிற்கிறது.

"என் அட்டையில் அரசாங்கம் எப்படிப் பேசலாம்?" என்று பீடிக்காரர் கேட்டால் பதில் இருக்கிறது. தியேட்டர்களில் அரசாங்கத்தின் செய்திப்படத்தைக் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்ற விதியை 1999-இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மக்களுக்குத் தகவல் தருவதற்காக ஒருவரைக் கட்டாயப்படுத்துவது பேச்சுரிமையைப் பறிப்பது ஆகாது என்பது வாதம். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சிகரெட் பெட்டியில் படம் போடச் சொன்ன அரசு விதியை 2012-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி ரத்து செய்தது. எனக்கு நம் வழிதான் சம்மதம். விஷயம் உண்மையாக இருக்கும்போது, வாங்குகிறவனுக்கு அது தெரியட்டுமே. ஆனால் பீடி முதலாளி "85 அதிகம், 50 போதும்" என்று பத்திரிகையில் எழுதினால் அதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. அவர் அதை எம்.பி. என்ற போர்வையில், குழுவுக்குள் உட்கார்ந்து சொன்னதுதான் எனக்குக் கசக்கிறது. தன் கடை போர்டைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, இன்னார் வியாபாரி சொல்கிறேன் என்று சொல்லட்டும். கேட்கிறவன் எடை போட்டுக்கொள்வான்.

அமெரிக்கா என்று சொன்னதால் அங்கே நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2009-இல் ஒபாமா அரசு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் கொண்டுவந்த நேரம். அங்கே 65 வயதானவர்களுக்கு 'மெடிகேர்' என்று அரசாங்கக் காப்பீடு உண்டு. அதில் ஒரு பகுதியைத் தனியார் கம்பெனிகள் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு நடத்துகின்றன. 'ஹியூமனா' என்ற கம்பெனி தன்னிடம் பதிவு செய்த முதியவர்களுக்குக் கடிதம் போட்டது. இந்த மசோதா வந்தால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகைகள் குறையலாம், உங்கள் எம்.பி.யிடம் பேசுங்கள் என்ற பொருளில். மெடிகேரை நிர்வகிக்கும் அரசுத் துறை உடனே, கடிதத்தை நிறுத்து என்றது. செப்டம்பர் 21-இல் அதுபோன்ற எல்லாக் கம்பெனிகளுக்கும் அதே உத்தரவு. முதியவர்களைக் குழப்புகிறீர்கள், அரசாங்கம் தந்த முகவரிப் பட்டியலைப் பயன்படுத்துகிறீர்கள், பார்த்தால் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது என்பது அரசின் வாதம். வாயைக் கட்டுகிறார்கள் என்று எதிர்க்கட்சி கொதித்தது. சில வாரங்களில் உத்தரவைத் தளர்த்திவிட்டார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் சுகாதார அமைச்சர் காத்லீன் செபீலியஸ் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரீமியம் ஏறுவதற்குப் புதிய சட்டம்தான் காரணம் என்று தவறாகச் சொன்னால் சகித்துக்கொள்ள மாட்டோம், புதிதாக வரப்போகும் காப்பீட்டுச் சந்தையில் அப்படிப்பட்ட கம்பெனிக்கு இடம் கிடைக்காமல் போகலாம் என்று.

கவனித்தீர்களா? பேச்சுரிமைக்கு உலகத்திலேயே பலமான சட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற நாடு. அங்கேயும் யாரும் சிறையில் போடுவேன் என்று மிரட்டவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டினார்கள், லைசென்ஸைக் காட்டினார்கள். அரசாங்கத்தின் முகவரிப் பட்டியலை எடுத்து, அரசாங்கக் கடிதம் போலத் தோன்றும்படி எழுதியது தவறு என்றால் அதை மட்டும் திருத்தச் சொல்லியிருக்கலாம். மசோதாவைப் பற்றிப் பேசாதே என்பது வேறு. எந்தக் கொள்கையால் தனக்கு நஷ்டமோ, அதைப் பற்றி நஷ்டப்படுகிறவனுக்குத்தான் அதிகம் தெரியும். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான், சரிதான். பதில் சொல்ல அரசாங்கத்துக்கு வானொலி இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது.

இனி இன்னொரு பதஞ்சலி. 2022 ஜூலையில் ஆங்கில மருத்துவம் பரப்பும் தவறான எண்ணங்கள் என்ற பொருளில் பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் பெரிய விளம்பரம் போட்டது. ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கம் உச்சநீதிமன்றம் போனது. 2023 நவம்பரில் எச்சரிக்கை. விளம்பரம் நிற்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ். ஏப்ரலில் 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டார்கள். "நீங்கள் வழக்கமாகப் போடும் விளம்பர அளவுக்கு இந்த மன்னிப்பும் இருக்கிறதா?" என்று நீதிபதிகள் கேட்டார்கள். அச்சுத் தொழில்காரனாக இருந்தால்தான் அந்தக் கேள்வியின் அழகு தெரியும்.

அந்த விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு சரக்கு இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தின் மேல் விமர்சனம் ஒன்று. அது கருத்து. எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் கருத்து. ரத்த அழுத்தமும் நீரிழிவும் தைராய்டும் எங்களிடம் தீரும் என்பது இன்னொன்று. அது விற்பனை, அதுவும் 1954 சட்டம் தடுத்த விற்பனை. முதலாவதன் முதுகில் இரண்டாவதை ஏற்றி அனுப்பினார்கள். நீதிமன்றம் இரண்டாவதைப் பிடித்தது நியாயம். ஆனால் அதன் வால் எங்கே போய் முடிந்தது பாருங்கள். 2024 மே 7 உத்தரவை வைத்து, ஜூன் 18 முதல் எந்த விளம்பரமானாலும் உறுதிமொழி கொடுத்த பிறகே வெளியிட வேண்டும் என்றார்கள். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கும் சேர்த்து! ஜூலையில்தான் உணவு, மருத்துவம் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இதற்கிடையே, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி கேட்ட 170-ஆவது விதியை 2024 ஜூலையில் மத்திய அரசு நீக்கியது, ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது, 2025 ஆகஸ்ட் 11-இல் வழக்கையே முடித்துவிட்டது. ஒருவர் தப்புச் செய்தால் தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திச் சோதனை போடும் பழக்கம் இங்கே சீக்கிரம் வந்துவிடுகிறது.

நம் சொந்த விஷயத்துக்கு வந்தாக வேண்டும். நேரம் ஆகிறது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இருந்தாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

2005 ஜூலையில் வெளியான ஒலி மாசு தீர்ப்பு, பட்டாசுப் பெட்டி மேல் உள்ளே இருக்கும் ரசாயன விவரத்தை அச்சிட வேண்டும் என்று சொன்னது. 2015-இல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில், எங்களுக்கு மூச்சு விட நல்ல காற்று வேண்டும் என்று வழக்கு. 2016 நவம்பரில் தலைநகர் வட்டாரத்தில் விற்பனை லைசென்ஸ்கள் நிறுத்தம். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டும், இரண்டு மணி நேரம் மட்டும் என்று வந்தது. நாம் 19(1)(எ), அதாவது தொழில் செய்யும் உரிமை பற்றி வாதாடினோம். குழந்தைகள் 21-ஆவது பிரிவு, உயிர் வாழும் உரிமை பற்றி வாதாடினார்கள். எது கனமானது என்று தராசில் வைத்தால் எது இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மனசு கனக்கிறது. பேரியம் இன்னும் போடுகிறார்கள் என்று புகார் வந்து, 2020-இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவாகி, 2021 செப்டம்பர், அக்டோபரில் உச்சநீதிமன்றம் கேட்டது என்ன தெரியுமா? பெட்டி மேல் போட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்றா என்பதுதான். போலி க்யூஆர் கோடு பற்றியும் பேச்சு வந்தது. எல்லா உற்பத்தியாளரும் அப்படி இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் லேபிள் அச்சடிப்பதில் நாட்டுக்கே பேர்போன ஊரின் லேபிளை நாட்டின் பெரிய நீதிமன்றம் நம்பவில்லை என்பது சின்ன விஷயமா? லேபிளில் பொய் சொல்ல யாருக்கும் பேச்சுரிமை கிடையாது. ஹம்தர்த் தீர்ப்பும் சரி, டாடா பிரஸ் தீர்ப்பும் சரி, இந்த இடத்தில் ஒன்றுதான்.

ஆனால் கொள்கையைப் பற்றிப் பேசும் உரிமை? அது நமக்கு முழுசாக இருக்கிறது. 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கில், இடஒதுக்கீடு என்ற அரசுக் கொள்கையை அந்தப் படம் விமர்சித்தது என்பதற்காக அதை முடக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது நம் தமிழ்நாட்டு விவகாரம்தான். பேரியத் தடை சரியா, தூசியில் பட்டாசின் பங்கு எவ்வளவு, வாகனத்தின் பங்கு எவ்வளவு, பசுமைப் பட்டாசில் 30 சதவீதம் புகைத்தூசி குறையும் என்று மத்திய அரசின் நீரி ஆய்வகம் சொல்வதைக் களத்தில் யார் அளந்தது, இதையெல்லாம் கேட்கலாம். யாரும் தடுக்கவில்லை. பிறகு ஏன் கேட்கவில்லை?

ஒரு உற்பத்தியாளர் நண்பரிடம் இதைக் கேட்டேன். "நீங்க பேசிட்டுப் போயிருவீங்க, நாளைக்கு லைசென்ஸ் ரினியூவலுக்கு நான்ல போய் நிக்கணும்" என்றார். பெசோ, தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வருவாய்த் துறை என்று எத்தனை கதவு. யாரும் அவரை மிரட்டவில்லை. மிரட்டாமலே அவர் பேசவில்லை. அமெரிக்காவில் கடிதம் எழுதி உத்தரவிட வேண்டியிருந்தது. இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை. எழுத்தில் இல்லாத இந்தத் தடையை எந்த நீதிமன்றத்தில் போய் ரத்து செய்வது?

அதனால் தனி ஆளாகப் பேச முடியாததைச் சங்கமாகப் பேசுங்கள், எண்ணோடு பேசுங்கள் என்று உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிப் பேசும்போது டில்லிக் குழந்தையின் மூச்சைப் பற்றி மட்டும் வாதாடிவிட்டு, நம் பட்டாசு ஆபீஸில் மருந்து அளக்கிற அக்காமார்களின் மூச்சைப் பற்றிப் பேசாமல் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் கணக்கையும் நாமே எடுத்து வெளியே வைக்க வேண்டும்.

சொன்னால் எடுபடாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2018 தீர்ப்பு முதலில் இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்தது. தமிழ்நாட்டில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடி போடுவதுதான் தீபாவளி என்று நம் மாநில அரசு எடுத்துச் சொன்னது. ஒரே வாரத்தில், அக்டோபர் 30-இல், இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. நம் வழக்கத்தை யாரோ ஒருவர் உள்ளபடி எடுத்துச் சொன்னதால் வந்த மாற்றம் அது.

வேதியியல் துறைத் தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள். வருகிற தீபாவளிக்குக் காற்றுத் தூசியை அளக்கும் கருவியை நம் கல்லூரி மொட்டை மாடியில் ஒரு வாரம் வைத்துப் பதிவு செய்யுங்கள். வருகிற எண் நமக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் அடுத்த ஆண்டு மலரில் அப்படியே போடுவதாக மலர்க் குழு எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. கருவிக்கு ஆகும் செலவில் பாதியை எங்கள் செட் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். மீதிப் பாதிக்கு முன்வரிசை அண்ணாச்சிமார்களைப் பார்க்கிறேன்.